மஞ்சள் ஓட்டின் மேல் நின்ற சைக்கிள்

"நாளையிலேர்ந்து நான் தனியாத்தான் போகப்போறேன்" என்றார் தகாயுகி.

மனைவி நொபுவே சூப்பை ஊற்றிக்கொண்டே சொன்னாள்: "விழுந்து வைப்பீங்க."

"விழுந்தா எழுந்துக்கறேன்."

மீன் லாரி ஓட்டிக்கொண்டிருந்தவருக்கு ஐம்பத்து மூன்று வயதில் பார்வை முழுக்கப் போய்விட்டது. இப்போது நகரத்துப் பார்வையற்றோர் பள்ளியில் அக்குபங்சர் ஊசி வைத்தியம் படிக்கிறார். ஏப்ரலிலிருந்து மனைவிதான் கையைப் பிடித்துக் கொண்டுபோய் விட்டு வந்தாள். அதற்காகச் சாப்பாட்டுக் கடையில் பார்த்த காலை வேலையை விட்டிருந்தாள். அதுதான் அவரை உறுத்தியது.

அவர்கள் ஊரான ஷிராஹமேயில் இருந்தது, ஊழியர் யாரும் இல்லாத சின்ன ஸ்டேஷன். ஒரே நடைமேடை, ஒற்றைப் பெட்டி ரயில். வாசலிலிருந்து நடைமேடை வரை, பார்வையற்றவர்கள் வழி அறிய மேடு வைத்த மஞ்சள் ஓடுகளைத் தரையில் பதித்திருந்தார்கள். காலால் தடவிக்கொண்டே போய்விடலாம். மறுநாள் கோலை ஊன்றிப் பத்து எட்டு வைப்பதற்குள் அந்த ஓட்டின் மேல் நின்ற சைக்கிளோடு சேர்ந்து விழுந்தார். எழுந்தார். சைக்கிளைச் சுவரோரம் சாத்திவிட்டு ரயிலேறினார்.

"உள்ளங்கையில என்ன?" என்று சாயங்காலம் நொபுவே கேட்டாள்.

"ஊசி குத்திப் பழகினேன்."

அடுத்த மூன்று நாளும் அதே சைக்கிள் அதே இடத்தில் நின்றது. தினமும் அதைத் தூக்கி ஓரமாக வைத்தார். ஐந்தாம் நாள் ஒரு பெண் குரல் அவரை மறித்தது.

"சார், என் சைக்கிளைத் தினம் நகத்தி வைக்கறது நீங்கதானா? அடுத்தவங்க பொருளைக் கேக்காம தொடலாமா?"

"நான் போற வழி அதுதாம்மா. இந்த ஓட்டை விட்டா எனக்கு வேற தடம் தெரியாது."



"நிறுத்தற இடத்துல இடமே இல்ல சார். வேணும்னா வந்து பாருங்க" என்றவள் சட்டென்று நிறுத்திக்கொண்டாள்.

"பாக்கறேன். சாயங்காலம் கூட்டிட்டுப் போங்க" என்றார் தகாயுகி.

பல் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த அந்தப் பெண்ணின் பெயர் மினகவா; சாயங்காலம் சொன்னபடி காத்திருந்தாள். சைக்கிள் வரிசையை அவர் ஒவ்வொன்றாகத் தடவினார். சங்கிலியில் துரு உதிர்ந்தது. டயர்கள் தரையோடு படிந்திருந்தன. ஒன்றில் கொடி சுற்றி ஏறியிருந்தது.

"இதெல்லாம் செத்த சைக்கிளாச்சே."

"படிப்பு முடிஞ்சு வெளியூர் போனவங்க விட்டுட்டுப் போனது. நாம தொடக்கூடாது, நகர அலுவலகம்தான் எடுக்கணும். ரெண்டு தடவை போன் பண்ணேன். பாக்கறோம்னாங்க."

"ரெண்டே தடவைதானா?"

மறுநாள் அலுவலகம் திறந்த நிமிடமே அவருடைய போன் போயிற்று. அதற்கடுத்த நாளும் போயிற்று. ஒரு வாரத்தில் குமாஸ்தாவுக்குக் குரல் பழகிவிட்டது.

"ஷிராஹமே சைக்கிள்தானே ஐயா?"

"ஆமா. இன்னிக்கு வர்றீங்களா?"

"மேலதிகாரிகிட்ட சொல்லியிருக்கேன்."

"அவரு பேரைச் சொல்லுங்க. அவர்கிட்டயும் பேசறேன்."

அதுவரை மினகவா தன் சைக்கிளை ஸ்டேஷனுக்குப் பின்னால் மழையில் நனையவிட்டாள். தினமும் அதைச் சொல்லிக்காட்டவும் தவறவில்லை. பன்னிரண்டாம் நாள் அலுவலக ஆள் வந்து செத்த சைக்கிள்களில் எச்சரிக்கைச் சீட்டு கட்டினார். சொந்தக்காரர் வருகிறாரா என்று இரண்டு வாரம் காத்திருக்க வேண்டும் என்பது விதி. அந்த இரண்டு வாரமும் தகாயுகி போனை விடவில்லை.

"சீட்டுதான் கட்டியாச்சே ஐயா, இன்னும் எதுக்கு?"

"நீங்க மறந்துடக் கூடாதுல்ல."

ஒரு வியாழக்கிழமை லாரி வந்து பத்தொன்பது சைக்கிள்களை அள்ளிப் போயிற்று. மறுநாள் நொபுவே அவருக்குத் தெரியாமல் ஸ்டேஷன் வாசல்வரை பின்னால் வந்தாள். கோல் எதிலும் முட்டவில்லை. அவர் ரயிலேறும்வரை நின்று பார்த்துவிட்டு, அங்கிருந்தே சாப்பாட்டுக் கடைக்காரரைப் போனில் கூப்பிட்டாள்.

"திங்கள்கிழமையிலேர்ந்து வரேங்க."

திங்களன்று அவள் ஐந்து மணிக்கே கிளம்பிவிட்டாள். தகாயுகி சாப்பிட்ட கிண்ணத்தைத் தானே கழுவி வைத்தார். கதவைப் பூட்டி, ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு, ஏழு மணி நாலு நிமிஷ வண்டியைப் பிடிக்க நடந்தார்.