கோச்சி ஓடாத திங்கட்கிழமை

வெள்ளவத்தையில் கடற்கரை ரயில் பாதைக்குப் பக்கத்தில் ஆய்வுகூடம் கட்டியவர்களை டொக்டர் மேனகா ஏழு வருடமாகத் திட்டிக்கொண்டிருந்தார். கோச்சி போகும்போதெல்லாம் கட்டடம் அதிரும், வயர் ஆடும், திரையில் கோடு கூத்தாடும். தசையில் ஓடும் மின்சாரத்தை அளப்பவருக்கு இதைவிடத் தலையிடி உண்டா? அதனால் அங்கே ஒரு வழக்கம். கோடு கெட்டால் பதிவுப் புத்தகத்தில் 'கோச்சி' என்று எழுதிவிட்டு, அந்தத் துண்டை ஒதுக்கிவிடுவார்கள்.

இன்னொரு வழக்கமும் இருந்தது. திங்கட்கிழமை காலையில் இயந்திரம் சரியா என்று பார்க்க ஒஸ்வால்டின் வலக்கையில்தான் துடிப்பை வாங்கும் தகடுகளை ஒட்டுவார்கள். கொட்டாஞ்சேனையிலிருந்து இரண்டு பஸ் மாறி வரும் உதவியாளர் அவர். ஐம்பத்தாறு வயது, மனைவி இல்லை, ஒரே மகள் யூஜினா இத்தாலியில். கையைத் தளரவிட்டு மேசையில் வைத்தாரென்றால் கோடு ஆடாமல் அசையாமல் கிடக்கும். "சுகதேகிக்கு இலக்கணம் எங்கட ஒஸ்வால்ட் அண்ணைதான்" என்று மேனகா வருகிறவர்களிடமெல்லாம் பெருமை பேசுவார்.

மேனகா தேடிக்கொண்டிருந்தது ஒரு பொல்லாத நோயின் முதல் அடியை. மூளையின் கட்டளையைத் தசைக்குக் கொண்டுபோகும் நரம்புகள் ஒவ்வொன்றாகச் சாகிற நோய். கை, கால், நாக்கு, கடைசியில் மூச்சு. குணமாக்கும் மருந்து கிடையாது. ஆட்கள் வந்து சேரும்போது பாதி நரம்பு போயிருக்கும். தொடங்கும்போதே ஒரு கையையாவது பிடித்துவிட வேண்டும் என்று அவருக்கு ஒரு வெறியே இருந்தது.

தன் ஆய்வுக் கட்டுரையை அனுப்புமுன் ஒதுக்கிய துண்டுகளுக்குக் காரணம் காட்ட வேண்டியிருந்தது. ஒரு வியாழக்கிழமை பதிவுப் புத்தகத்தைப் புரட்டினார். திங்கட்கிழமைகளில் 'கோச்சி' கூடிக்கொண்டே வந்திருந்தது. போன ஒக்டோபரில் ஒரு திங்கள். ஒஸ்வால்டின் குண்டுக் கையெழுத்து: "ரயில் வேலைநிறுத்தம். கோச்சி இல்லை. ஆனாலும் வருகிறது. மிஸ்ஸுக்குச் சொன்னேன்."

சொன்னதாக மேனகாவுக்கு நினைவே இல்லை. அதற்குப் பக்கத்தில் சிவப்பு மையில், அவருடைய சொந்தக் கையெழுத்தில் 'கோச்சி' என்று இருந்தது.

ஒதுக்கிய துண்டுகளை எடுத்து விரித்துப் பார்த்தார். கோச்சியின் அதிர்வு அலையலையாக வரும். இது கூரான ஒற்றைத் துடிப்பு, கை சும்மா கிடக்கும்போது, நினைத்த நேரத்தில். எத்தனையோ நோயாளிகளிடம் பார்த்த அதே துடிப்பு. பதினெட்டு மாதத்துக்கு முந்திய திங்களில் இரண்டு. இந்தத் திங்களில் நாற்பத்தொன்று. வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதை. அலைந்தாலாவது பரவாயில்லை, இவர் வெண்ணெயை வாராவாரம் குப்பையில் அல்லவா போட்டிருக்கிறார்.

அந்த அவமானத்துக்கு நடுவிலும், தொடக்கத்திலிருந்து இப்படிப் பதிவான கை உலகத்தில் வேறு எங்கே கிடைக்கும் என்று ஓர் எண்ணம் எட்டிப் பார்த்தது. தன்னையே அறைய வேண்டும் போலிருந்தது அவருக்கு.

ஒஸ்வால்ட் தேத்தண்ணீர் கொண்டுவந்தார், இடக்கையால். எப்போதிலிருந்து இடக்கை?

"ஒஸ்வால்ட் அண்ணை, இருங்கோ. வலக்கையைக் காட்டுங்கோ."

பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் சதை வற்றிப் பள்ளம் விழுந்திருந்தது. மேனகா சுற்றி வளைக்காமல் சொன்னார். நரம்பு டொக்டர் பார்த்து உறுதிசெய்ய வேண்டும் என்றார். தனக்குச் சந்தேகம் இல்லை என்பதையும், பிழை தன்னுடையது என்பதையும் சொன்னார்.

ஏழு வருடம் நோயாளிகளின் கையில் தகடு ஒட்டியவருக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

"எத்தின நாளா மிஸ்?"

"பதினெட்டு மாசம்."

"அப்ப போன நத்தார்ப் பண்டிகைக்கு முந்தியே." ஒஸ்வால்ட் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மகள் டிக்கெட் அனுப்புறன், வாங்க டடா எண்டு நிண்டவ. பேரப்பிள்ளய இன்னும் கண்ணால காணேல்ல. நான்தான் அடுத்த வருஷம் பாப்பம் எண்டனான்."

"இப்பவே போங்கோ. எல்லாம் நான் ஒழுங்குபண்ணித் தாறன்."

"போகலாம். பிள்ளயத் தூக்க ஏலா மிஸ்."

மேனகாவுக்கு அழுகை வந்தது. அழ உரிமை இல்லை என்று அடக்கிக்கொண்டார். ஒஸ்வால்ட் பதிவுப் புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்து, பதினெட்டு மாதம் பின்னால் புரட்டினார்.

"இத இப்பிடியே விடக்கூடாதுதானே. நான் திகதிய வாசிக்கிறன், நீங்க வெட்டுங்க. எனக்குப் பேனை நிக்குதில்ல."

அவர் ஒவ்வொரு திங்களாக வாசித்தார். மேனகா ஒவ்வொரு 'கோச்சி'யாக வெட்டி, மேலே 'கை' என்று எழுதினார். வேலைநிறுத்த நாள் வந்ததும் ஒஸ்வால்டின் விரல் நின்றது.

"இத நான் அண்டைக்கே சொன்னனான் மிஸ்" என்றார்.

சிவப்பு மையில் தான் எழுதியிருந்த சொல்லை மேனகா வெட்டினார். ஒஸ்வால்ட் அடுத்த திகதியை வாசித்தார்.