கங்காணி குடிவைத்த பேய்

வாடகைக்கு வீடு விடுவது பற்றி அழகமுத்துக் கங்காணியிடம் யாரும் யோசனை கேட்டதில்லை. கேட்காமலே கிடைத்துக்கொண்டிருந்ததால் அதற்கு அவசியமும் இருக்கவில்லை.

காப்பித் தோட்டங்களுக்கு இந்தியாவிலிருந்து ஆள் கூட்டி வந்து சம்பாதித்ததில், கண்டியிலிருந்து கட்டுகஸ்தோட்டைக்குப் போகிற ரோட்டோரம் அவர் ஒரு வரிசை வீடு கட்டியிருந்தார். மொத்தம் நாலு அறை. ஆனால் வெள்ளிப் பொத்தான் வைத்த கறுப்புக் கோட்டோடு, குடையை ஊன்றி, அதன் எதிரில் அவர் நிற்கிற நிலையைப் பார்த்தால் மலை உச்சிவரைக்கும் அவருடைய சொத்தோ என்று தோன்றும்.

எதிரே மடவளை ஜமால்தீனின் சில்லறைக் கடை. அவருக்கும் கடைக்குப் பின்னால் வாடகைக்கு இரண்டு அறை இருந்தது. ஆகவே கங்காணியின் போதனைக்கு முதல் பலி அவர்தான்.

“நானா, கூரைய குடி வர்றதுக்கு முந்தியே மாத்திரணும். வந்தப்புறம் ஒழுகுனா, ஒழுகுறது மழை இல்ல, நம்ம மரியாதை.”

“ஒங்கட கடைசி அறை போன மாரிக்கு ஒழுகினதே, கங்காணியார்?”

“அது வேற விசயம். இன்னொண்ணு கேளுங்க. வாடகைக்குன்னு கட்டுன வீட்டுல சொந்தக்காரன் குடியிருக்கவே கூடாது. அவன் போயி உக்காந்துட்டான்னா வீட்டுக்கு மதிப்புப் போச்சு.”

இத்தனை போதனைக்கும் அடங்காமல் ஒரு ஆள் இருந்தாள். முதல் அறைப் பேச்சியம்மா. மாத்தளைப் பக்கமிருந்து நடந்து வருகிற கூலிக் கும்பல்களுக்குக் கஞ்சி காய்ச்சி விற்பவள். வாடகை தவறமாட்டாள், தரையை மெழுகி வைப்பாள், சத்தம் போடமாட்டாள். ஒழுங்காக இருக்கிற குடியை என்ன சொல்லி எழுப்புவது? கங்காணியின் சாஸ்திரத்தில் அதற்குச் சூத்திரம் இல்லை.

எழுப்பவேண்டிய அவசரம் வந்திருந்தது. ஒரு காப்பிக் கம்பெனியின் கணக்கப்பிள்ளை, யாழ்ப்பாணத்துத் திருச்செல்வம், மூட்டை அடுக்க இடம் தேடி வந்தார். “நாலு அறையும் சேத்துத்தான் வேணும். ஒண்டு குறைஞ்சாலும் துரை வேண்டாம் எண்டுவார்.” அன்றிலிருந்து கங்காணி கனவில் துரைமார் குதிரையைவிட்டு இறங்கி அவரிடம் நலம் விசாரித்துக்கொண்டிருந்தார்கள்.

பேச்சியம்மா மட்டும் அசையவில்லை.

“வேற எது வேணாலும் கேளுங்கய்யா. ஹேவாஹெட்டத் தோட்டங்கள்ல இருந்து ஊருக்குத் திரும்புறவுக எல்லாம் இந்த வாசலத் தாண்டித்தான் போகணும். அவரு வந்தா என்னய எங்கன்னு தேடுவாரு?”

அவர் என்பது அவள் புருஷன் லெட்சுமணன். மன்னாரில் இறங்கி இந்தக் கங்காணியின் கும்பலோடுதான் இருவரும் நடந்தார்கள். தம்புளைக்கு வடக்கே காட்டுக்குள் அவனுக்குக் காய்ச்சல் கண்டது. பெண்களை முன்னால் நடக்கவிட்டார்கள். சாயங்காலம் தங்குமிடத்துக்கு அவன் வந்து சேரவில்லை. “பின்னால வந்த வேற கும்பலோட ஹேவாஹெட்டைக்குப் போயிட்டானாம். நான் கண்ணால பாக்கல புள்ள, சொன்னாங்க” என்றார் கங்காணி. அந்த ஒரு சொல்லைக் கழுத்துத் தாலியோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு அவள் வாசலில் இருந்தாள்.

தூறல் விழுந்த ஒரு மத்தியானம் கங்காணிக்கு யோசனை பிறந்தது. ஜமால்தீன் கடையில் வண்டிக்காரர்கள் ஒதுங்கியிருந்தார்கள். நாலு ஊருக்குச் செய்தி கொண்டுபோக அவர்களைவிடத் தோதான ஆட்கள் ஏது?

“அந்த மொத அறையில ஆவி நடமாட்டம் இருக்கு நானா.”

ஜமால்தீன் கருவாடு நிறுத்துக்கொண்டிருந்தார். “வெள்ளச் சீலையா? தலைமயிர விரிச்சுப் போட்டா? அது ஆத்துப் பாலத்தடியில ஏற்கெனவே ரெண்டு ஈக்கி. புதுசா ஒண்டு சொல்லுங்க, கங்காணியார்.”

வண்டிக்காரர்கள் சிரித்தார்கள். கங்காணிக்குச் சுருக்கென்றது. பொய் சொல்கிறவன் கொஞ்சமாவது தடுமாறவேண்டும். அவர் தடுமாறவில்லை. யாரோ பக்கத்திலிருந்து எடுத்துக் கொடுப்பதுபோல் வந்தது.

“ஆம்பள ஆவி. கால்ல செவப்புக் கரைத் துணி கட்டியிருக்கும். கையில செரட்டை. இருமும். ‘ஒரு வாய் சுடுதண்ணி’ன்னு கேக்கும். அப்புறம்… ‘முன்னால போற புள்ளய நிக்கச் சொல்லுங்க’ன்னு சொல்லும்.”

யாரும் சிரிக்கவில்லை. ஜமால்தீனின் தராசு ஒரு பக்கமாய்ச் சாய்ந்தபடியே நின்றது. கங்காணி தனக்குப் பின்னால் திரும்பிப் பார்த்தார். பிறகு, கூரைக்குக் கீழேயே குடையை விரித்துக்கொண்டார்.

பேய் நன்றாக வேலை செய்தது. மற்ற மூன்று அறைக்காரர்களும் சட்டிபானையைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பேய்க்கென்று ஒதுக்கிய அறையில் இருந்தவள் மட்டும் அடுப்பை மூட்டிக் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தாள்.

ஒருநாள் அந்தி மயங்குகிற நேரம் அவளே கடைக்கு வந்தாள். மூடுபனி ரோட்டை மறைத்திருந்தது. கங்காணி முக்காலியில் உட்கார்ந்து ஜமால்தீனுக்குக் கதவுத் தாழ்ப்பாளின் மகிமையை விளக்கிக்கொண்டிருந்தார்.

“ஐயா, அந்த ஆவிக்குக் கால்ல துணி கட்டியிருக்குதாமே. எந்தக் காலு?”

“எடது காலு” என்றார் கங்காணி. பேய்க்கு நுணுக்கம் சேர்க்கிற உற்சாகம் இன்னும் மிச்சமிருந்தது. “முட்டிக்குக் கீழ.”

“அட்ட கடிச்சு ரெத்தம் நிக்கலன்னு என் சீலக் கரையக் கிழிச்சு நாந்தான் கட்டிவிட்டேன். அன்னிக்குக் காலையில, எங்கள முன்னால போகச் சொன்னீங்கல்ல, அதுக்குக் கொஞ்சம் முந்தி.” அவள் குரல் உயரவில்லை. “கண்ணால பாக்கலன்னீங்களே ஐயா.”

ஜமால்தீன் மெதுவாகத் தராசைக் கீழே வைத்தார்.

“அவர எங்க விட்டீங்க?” என்றாள் பேச்சியம்மா.

கங்காணி கோட்டுப் பொத்தானைப் பிடித்துக்கொண்டார். “கொழ ஒடிச்சுப் போடுற மரத்தடியில.”

அந்தப் பாதையில் நடந்து வந்த எல்லாருக்கும் அந்த மரம் தெரியும். யானையும் கரடியும் அண்டக்கூடாதென்று பிள்ளையாரை நினைத்து, போகிற ஆளெல்லாம் ஒரு குழையை ஒடித்து அதன் அடியில் போட்டுவிட்டுத்தான் நடக்கவேண்டும்.

“நானும் போட்டேன்” என்றாள் பேச்சியம்மா. “பின்னால வர்றவரு நல்லா வந்து சேரணும்னு. மூச்சு இருந்துச்சா?”

கூரைத் தாவாரத்தில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

“இருந்துச்சு.”

அவள் அழவில்லை, ஏசவில்லை. ஏசியிருந்தால் கங்காணிக்குப் பதில் சொல்லத் தெரிந்திருக்கும். அவர் பேச்சில் பெரிய ஆள். மறுநாள் விடிந்ததும் ஊருக்குத் திரும்புகிற ஒரு கும்பல் வடக்கே போனது. அவளும் முடிச்சைக் கட்டிக்கொண்டு வாசலில் இறங்கினாள். தாலி கழுத்தில்தான் இருந்தது.

“அந்த மரத்தடியில பாத்துட்டுத்தான் இதக் கழட்டுறதா வேணாமான்னு சொல்லணும். அடுப்புல சுடுதண்ணி வச்சிருக்கேன் ஐயா. அதுக்குள்ள அவரு இங்க வந்துட்டா, நிக்கச் சொல்லுங்க.”

நாலு அறையும் காலி. கங்காணி கேட்டது அதைத்தானே? திருச்செல்வத்துக்கு ஆள் அனுப்பினார். அவர் ரோட்டிலேயே நின்று பேசினார்.

“துரைக்குப் பேயில நம்பிக்கை இல்லை. மூட்டை தூக்கிற ஆக்களுக்கு இருக்கு. துரை மூட்டை தூக்கமாட்டார்தானே? நான் வாறன்” என்று விடைபெற்று வந்த வழியே திரும்பினார்.

வாடகைக்கு வேறு யாரும் வரவில்லை. வண்டிக்காரர்கள் அந்த இடத்தில் மாட்டை விரட்டி ஓட்டினார்கள்.

பேச்சியம்மா இறங்கிப் போன அன்றே, அடுப்பை அணைக்கத்தான் கங்காணி முதல் அறைக்குள் போயிருந்தார். பானையில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. அணைக்கக் குனிந்தவர், என்ன நினைத்தாரோ, இன்னொரு விறகைச் செருகிவிட்டு வந்தார். அடுத்த நாள் நெருப்பு அவிந்துவிடுமே என்று மறுபடி போனார். பிறகு பாயைக் கொண்டுபோனார். வெள்ளிப் பொத்தான்களில் சாம்பல் படிந்து, அவை ஈயம்போல் ஆயின.

ஜமால்தீனால் அந்த மௌனத்தைத் தாங்க முடியவில்லை. ஒரு மாலை ரோட்டைக் கடந்து வந்து, வாழ்க்கையில் முதல் தடவையாக, அவராகவே யோசனை கேட்டார்.

“கங்காணியார், என்ட பின் அறைக்குப் புதுக் குடி ஒண்டு வருது. என்னத்தக் கேட்டுக் கொள்ளணும், சொல்லுங்களே?”

“சத்தம் போடாதீங்க நானா” என்றார் கங்காணி. “தண்ணி கேக்குறான்.”

மாத்தளைப் பக்கமிருந்து ஒரு கும்பல் பனிக்குள்ளிருந்து இருமிக்கொண்டே வந்தது. கங்காணி சிரட்டையில் சுடுதண்ணீரை மொண்டுகொண்டு வாசலில் இறங்கினார். முகங்களை அவர் பார்க்கவில்லை. குனிந்து, கடந்துபோகிற ஒவ்வொருவனுடைய இடது காலையும் பார்த்துக்கொண்டு நின்றார்.