குகதாசனுக்கு வயது வைத்தவர்

செல்லச்சாமி எடுத்த படங்களில் இருந்தவர்களுக்கு வயது ஏறியது. உயிரோடு இருந்தவர்களுக்கு மட்டும். 1993ஆம் ஆண்டு ஒரு பௌர்ணமிப் போயா விடுமுறையில், கண்டிக்குப் பக்கத்து அம்பிட்டிய வீட்டு அலுமாரியில் பூஞ்சணம் பிடித்துக் கிடந்த படங்களை எடுத்து வெயிலில் பரப்பியபோது அவர் அதைக் கண்டார். மூன்று வருடங்களுக்கு முன் மன்னார்க் கரையில் பொக்கை வாயோடு நின்ற சிறுமிக்கு இப்போது பல் முளைத்திருந்தது. பக்கத்தில் நின்ற அவளுடைய சித்தப்பா அப்படியே இருந்தார்; படம் எடுத்த அதே கிழமை ஷெல் விழுந்து செத்துப்போனவர் அவர். செல்லச்சாமி அதிசயப்பட்டார் என்று சொல்வதற்கில்லை. பத்து வருடம் சண்டைக்குள் அலைந்தவருக்கு அந்த நரம்பு எப்போதோ மரத்துவிட்டது. “ஈரத்துல கிடந்தா இப்படித்தான் ஆகும்போல,” என்று மனைவி யசோதாவிடம் சொல்லிவிட்டு, படங்களைத் திருப்பிப்போட்டு மறுபக்கத்தைக் காயவைத்தார்.

அவர் தொழில் தொடங்கியது கண்டி கொழும்பு வீதியில், ஒரு மாடிப்படிக்குக் கீழிருந்த ஸ்டூடியோவில். அங்கே அவருக்கு டச்சிங் வேலை: பெண் பார்க்க அனுப்பும் படங்களில் அம்மைத் தழும்பை மெல்லிய தூரிகையால் மறைப்பது, ஒட்டிய கன்னத்தைக் கொஞ்சம் ஊதவைப்பது. ஆயிரம் பொய் சொல்லித்தான் கல்யாணம் என்பதால் முதலாளி அதைத் தடுக்கவில்லை. ஆனால் செத்தவர் படத்தில் மட்டும் தூரிகை படக்கூடாது என்பது அவர் கட்டளை. எண்பத்து மூன்று கலவரத்துக்குப் பிறகு வெள்ளைக்காரர்கள் யுத்தத்தை ஆவணப்படம் எடுக்க வந்தார்கள். மூன்று பாஷையும் தெரிந்த ஆள் வேண்டும் என்று கமரா முக்காலியைத் தூக்கக் கூட்டிப்போன செல்லச்சாமியின் கையில் இரண்டாம் மாதமே கமராவைக் கொடுத்தார்கள். அவர்கள் விமானம் ஏறிப் போய்விட்டார்கள், செல்லச்சாமி போக இடமில்லாமல் படம் எடுத்துக்கொண்டிருந்தார்.

படங்களுக்கு வயது ஏறும் செய்தி எப்படியோ வடக்குக்குப் போனது. மூன்று பஸ் மாறி ஆட்கள் வரத் தொடங்கினார்கள். யசோதா தேத்தண்ணி ஊற்றிக் கொடுப்பாள், செல்லச்சாமி அலுமாரியைத் திறப்பார். தன் தம்பிக்குத் தொப்பை வைத்திருப்பதைப் பார்த்து ஒருத்தி விழுந்து விழுந்து சிரித்தாள். ஒன்றும் மாறாத படத்தைப் பார்த்தவர்கள் படியிறங்கும்போது செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு போனார்கள். வெளிநாட்டுப் பத்திரிகைக்காரர்கள், படமும் திகதியும் பொருந்தவில்லை என்று படங்களைத் திருப்பி அனுப்பினார்கள். யுத்தம் முடிந்தால் அலுமாரியைப் பூட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம் என்று அவர் நம்பியிருந்தார். 2009இல் முடிந்த பிறகுதான் கூட்டம் இன்னும் கூடியது.

அலுமாரியைத் தேடி வந்தவர்களில் முதலாமவரும் கடைசிவரை வந்தவரும் கமலாசனி. யாழ்ப்பாணத்தில் படிப்பித்தவர். அவருடைய ஒரே மகன் குகதாசனை, தொண்ணூறாம் ஆண்டு வவுனியாவுக்கு வடக்கே அகதிகள் தங்கியிருந்த பாடசாலைச் சுவரோரம் செல்லச்சாமி படம் எடுத்திருந்தார். பத்தொன்பது வயது. கமராவைப் பார்க்காமல், சத்தம் கேட்ட பாதைப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான். அந்தப் பாதையில் வந்த லொறியில்தான் அவனை ஏற்றிக்கொண்டு போனார்கள். படத்தில் அவனுக்கு மீசை தடித்தது, தோள் அகன்றது. ஒவ்வொரு தை மாதமும் கமலாசனி வந்து பார்த்து, பலகாரப் பையை வைத்துவிட்டுப் போவார். தொண்ணூற்றேழு தையில், அவர் வருவதற்கு முதல் நாள் படத்தை அலுமாரியிலிருந்து எடுத்த செல்லச்சாமி கதிரையில் உட்கார்ந்துவிட்டார். முந்தின வருடத்து முகமே இருந்தது. ஒரு மயிர்கூட மாறவில்லை.

அந்தத் தாயிடம் அதைச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. பழைய தூரிகையைத் தேடி எடுத்தார். முதலாளியை மனசுக்குள் கும்பிட்டு மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, கண்ணோரத்தில் ஒரு கோடு இழுத்தார். அடுத்த வருடம் இன்னொன்று. பிறகு காதோரம் நரை, உச்சியில் சின்ன வழுக்கை. இருபத்திரண்டு வருடம் இந்தத் திருட்டு நடந்தது. ஒவ்வொரு தையிலும் ஒரு பையனைத் தன் கையாலேயே மறுபடி கொல்வதாகத்தான் அவருக்குப் பட்டது. அலுத்துப்போனார். 2019இல் தூரிகை வழுக்கி, மை புருவத்தின்மேல் திட்டாக விழுந்தது. போதும், இந்த முறை சொல்லிவிடுவது என்று தீர்மானித்தார்.

கமலாசனி வந்தார். படத்தை மடியில் வைத்துக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். “அம்மா, ஒங்ககிட்ட ஒன்னு சொல்லணும். இந்தப் படத்துல நான்...”

“ஓம் தம்பி, தெரியும்,” என்றார் கமலாசனி. “எங்கட ஆக்களுக்கு வழுக்கை முன்னுக்குத்தான் விழும். நீங்கள் உச்சியிலை விழுத்திப் போட்டியள்.”

“தெரிஞ்சுமா வருஷா வருஷம் வந்தீங்க?”

“வேற ஆர் அவனுக்கு வயசு வைக்கினம்? வீட்டிலை இருக்கிற படத்திலை இன்னும் பத்தொன்பது. சொந்தக்காரருக்கும் பத்தொன்பது. இஞ்சை மட்டும்தான் என்ர பிள்ளை வளந்தவன்.” புருவத்துத் திட்டை விரலால் தொட்டார். “தகப்பன் நாற்பதிலை கண்ணாடி போட்டவர். இவனுக்கு இப்ப நாற்பத்தெட்டு. ஒண்டு கீறி விடுங்கோ.”

செல்லச்சாமி அழுதார். எந்தப் போர்க்களத்திலும் அழாதவர், மூக்கைத் துடைத்துத் துடைத்து அழுதுகொண்டே கறுப்புச் சட்டம் போட்ட ஒரு கண்ணாடியைத் தூரிகையால் கீறினார். புருவத்துத் திட்டு அதற்குள் மறைந்துபோனது.

மறு வருடம் தை மாதம் கமலாசனி வந்திருந்தபோது அலுமாரியைத் திறந்தார்கள். முப்பது வருடமாகப் பாதையைப் பார்த்துக்கொண்டிருந்த குகதாசன் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தான். செல்லச்சாமி அந்தக் கண்களில் தூரிகை வைக்கவில்லை. “கண்ணாடி போட்டா பார்வை தெளியும்தானே,” என்று சொல்லிவிட்டு யசோதா தேத்தண்ணி ஊற்றப் போனாள். கமலாசனி கதிரையை அவனுக்கு எதிரே இழுத்துப் போட்டுக்கொண்டார். அவன் கடைசியாக அவரைக் கண்டபோது அவருக்கு நாற்பது வயது. சேலைத் தலைப்பை எடுத்து நரையை மூடிக்கொண்டு, பஸ்ஸுக்கு நேரமாகும்வரை அங்கேயே இருந்தார்.