இடுப்பெலும்பில் பாய் விரிப்பவர்கள்

வியாழக்கிழமைகளில் என் ரத்தத்தில் மலேரியாக் கிருமி ஒன்றுகூட இருக்காது. அன்றைக்குத்தான் அருளப்பன் வருவார் என்பதால் எல்லாம் முந்தைய நாளே இடுப்பெலும்பின் மஜ்ஜைக்குள் போய் ஒளிந்துகொள்கின்றன.

அருளப்பன் எங்கள் தெருவுக்கான மலேரியாப் பணியாளர். என் விரல் நுனியில் ஊசியால் குத்தி, ஒரு சொட்டைக் கண்ணாடித் துண்டில் தேய்த்து எடுத்துக்கொள்வார். போகும்போது அடுத்து வரும் தேதியை வாசல் சுவரில் எழுதிக் கையெழுத்துப் போடுவார். ஏழு வாரமாகக் கிருமி இல்லை என்றே முடிவு வந்தது.

என் மனைவி செண்பகவல்லி அதை நம்பவில்லை. மூன்று மாத மகளைக் கொசுவலைக்குள்ளேயே வைத்திருந்தாள், என்னிடம் தரவே இல்லை. புதன்கிழமை சாயங்காலம் என் இடுப்பில் காதை வைத்தால் வரிசையாகப் பாய் விரிக்கும் சத்தம் அவளுக்குக் கேட்டுவிடுகிறது.

"தேதிய அவங்களுக்கு யாரு சொல்றது? தெனமும் அந்தச் செவுத்தப் பாக்குறது நீங்கதானே?"

நியாயமான கேள்விதான். எனக்கே என்மேல் சந்தேகம் வந்தது. ஒரு வாரம் கொல்லை வழியாகவே போய் வந்தேன். அந்தப் புதன்கிழமையும் பாய் விரித்தார்கள்.

அடுத்த திங்கட்கிழமை, என்னிடம்கூடச் சொல்லாமல் அருளப்பனுக்கு ஆள் அனுப்பினாள். அவர் படியேறுவதற்குள் என் இடுப்பில் எல்லோரும் படுத்தாகிவிட்டது.

"தம்பி, கொஞ்சம் திரும்பி நில்லுங்க" என்று அவர் இடுப்பிலும் காதை வைத்தாள். "இங்கயும் ஆள் இருக்கு."

அருளப்பன் ஊசியைப் பெட்டியில் வைத்து மூடினார். "இருபது வருஷமா இருக்காங்கக்கா. அவங்கள ஒரு வார்த்த கேக்காம நான் எந்தச் செவுத்துலயும் தேதி எழுதுறதில்ல."

வழக்கம்போல் எழுதிவிட்டுத்தான் போனார்.

மகளை ஒரே ஒரு தடவை தூக்கினால் போதும் என்றிருந்தது எனக்கு. செண்பகவல்லி கொசுவலையைத் தூக்கி அவளுக்குத் துணி மாற்றினாள். பாதியில் நிறுத்திவிட்டு, அந்தச் சின்ன இடுப்பில் காதை வைத்து வெகுநேரம் கேட்டாள். பிறகு மகளைக் கொண்டுவந்து என் மடியில் போட்டாள்.

"தலையத் தாங்கிப் புடிங்க."

"என்ன கேட்டுச்சு?"

"ஒரே ஒரு பாய்தான். சின்னப் பாய்."

மகளை மார்போடு அணைத்துக்கொண்டேன். எனக்கு அழுகை வந்தது. என் இடுப்பிலிருந்து யாரோ ஒரு தலையணையை அந்தப் பக்கம் கொடுத்தனுப்பினார்கள்.