திம்மராயனில் அடங்கியவை

செவ்வாய்க்கிழமை காலை எட்டேகால் மணிக்குக் கம்பெனி வண்டி வந்து சாலம்மாவின் கணவன் திம்மராயனைத் திரும்பப் பெற்றுக்கொண்டு போனது. ரசீது கொடுத்தார்கள்.

குறையுள்ள டப்பாக்களைக் கம்பெனி ஒரு வாரமாகக் கடை கடையாகத் திரும்பப் பெற்றுக்கொண்டிருந்தது. சாப்பிட்டு முடித்த டப்பா என்றால் சாப்பிட்டவரைப் பெற்றுக்கொள்ள வேண்டும். விதி அப்படி. தெருவில் யாரும் இதை அதிசயமாகப் பார்க்கவில்லை. எதிர்வீட்டுக்காரி மட்டும், "போறதுக்கு முன்னாடி தண்ணி தொறந்து விட்டுட்டுப் போகச் சொல்லுக்கா," என்றாள். திம்மராயன் ஊராட்சித் தண்ணீர்த் தொட்டி ஆபரேட்டர்.

அவன் எதையும் திறக்கும் நிலையில் இல்லை. முந்தின நாள் மத்தியானம் ஒரு கிண்ணம் மாம்பழக் கூழ் சாப்பிட்டான். சாயங்காலத்துக்குள் முகம் பானை மாதிரி ஆகிவிட்டது. கண் இரண்டும் மூடிக்கொண்டன. வண்டியில் வந்தவர்கள் அவனை இரண்டு பக்கமும் அழுத்திப் பார்த்து, "உப்பின சரக்கு," என்று எழுதிக்கொண்டார்கள்.

ரசீதின் பின்பக்கத்தைச் சாலம்மா படித்தாள். உப்பிய சரக்கு இன்று மாலை ஐந்து மணிச் சங்குக்குக் குழியில் போட்டு மூடப்படும். ஆட்சேபணை இருந்தால் நேரில் வரவும்.

அவளுக்கு ஆட்சேபணை இருந்தது. தட்டுக்குச்சியை இடுப்பில் செருகிக்கொண்டு கிளம்பினாள்.

சாலம்மா அதே கம்பெனியில்தான் வேலை பார்த்தாள். கிருஷ்ணகிரிப் பக்கம் மாம்பழக் கூழ் டப்பாவில் அடைக்கும் கம்பெனி. லேபிள் ஒட்டாத மொட்டை டப்பா ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு சாண் இரும்புக் குச்சியால் தட்டிக் கேட்பது அவள் வேலை. நல்ல டப்பா டிங் என்னும். கெட்டது டொப் என்னும். பதினான்கு வருடத்தில் அவள் காது அதையும் தாண்டிவிட்டது. உள்ளே இருப்பது பெங்களூராவா அல்போன்சாவா என்று மூடியைத் தட்டியே சொல்லுவாள். சும்மா சொல்லவில்லை, பந்தயம் கட்டித் திறந்து பார்த்திருக்கிறார்கள்.

போன மாதம் ஒரு நாள் டப்பாக்கள் டிங் என்றன. ஆனால் டிங்குக்குப் பின்னால் இன்னொரு சத்தம் ஒளிந்திருந்தது. கடலை. முந்தின நாள் அதே குழாயில் வேறு யாருக்கோ கடலை விழுது ஓட்டியிருந்தார்கள். குழாயை யாரும் கழுவவில்லை. சாலம்மா லேபிள் சூப்பர்வைசர் ஜெயசீலனிடம் போய்ச் சொன்னாள்.

"லேபிள்ல கடலை இருக்கா?" என்றார் அவர்.

"இல்ல சார்."

"அப்ப டப்பாவுல எப்படி இருக்கும்? நாலு கலர்ல அடிச்ச லேபிள்மா. போய் வேலையைப் பாரு."

அவள் போய் வேலையைப் பார்த்தாள். அதுதான் அவளைக் குடைந்தது. இன்னொரு தடவை சொல்லியிருக்கலாம். கத்தியிருக்கலாம். போதாக்குறைக்கு, சீசன் முடிவில் ஆளுக்கொரு நசுங்கிய டப்பா கொடுப்பார்கள். அவளுக்கு அந்த நாள் டப்பாக்களிலிருந்து ஒன்று வந்தது. நாளெல்லாம் டப்பா தட்டுகிறவள் வீட்டுக்கு வந்தும் தட்டுவாளா? தட்டவில்லை. திறந்து ஊற்றிக் கொடுத்தாள்.

கம்பெனி வாசல் அன்றைக்கு வழக்கத்தைவிட இரண்டு கிலோமீட்டர் தள்ளி இருந்தது. பரவாயில்லை என்று நடந்தாள்.

திரும்பப் பெறும் அலுவலகத்தில் எல்லாவற்றிலும் புது லேபிள் ஒட்டியிருந்தது. தப்பு நடந்துவிட்டதால் ஜெயசீலன் முன்னெச்சரிக்கையாக ஒரே இரவில் எல்லாவற்றுக்கும் ஒட்டியிருந்தார். சுவரில் 'கதவு' என்று இருந்தது. நாற்காலியில் 'குடை' என்று இருந்தது. வாசலுக்கும் மேசைக்கும் நடுவில் தரையில் 'ஏரி' என்று ஒட்டியிருந்தது. வந்தவர்கள் எல்லோரும் வேட்டியை முழங்காலுக்கு மேல் தூக்கிக்கொண்டு தரையைக் கடந்தார்கள். சாலம்மா சேலையைத் தூக்கவில்லை. அவள் நனையவுமில்லை. மற்றவர்களின் கால்களில் சொட்டச் சொட்டத் தண்ணீர் இருந்தது.

அதிகாரியின் சட்டையில் 'மின்விசிறி' என்று ஒட்டியிருந்தது. அவர் தலையை இடமிருந்து வலம், வலமிருந்து இடம் திருப்பியபடியே பேசினார்.

"என்ன சரக்கு?"

"எங்க வீட்டுக்காரர் சார். காலைல எடுத்துட்டு வந்தீங்க."

"லேபிள்?"

"அவருக்கு ஏது சார் லேபிளு?"

"ஒட்டியாச்சு. மாம்பழக் கூழ்."

ஒரு தாளை நகர்த்தினார். அதில், 'அந்த டப்பாவைத் தட்டியவள் நானே. மாம்பழம் மட்டுமே கேட்டது' என்று அச்சடித்திருந்தது. கீழே கையெழுத்துக்குக் கோடு.

"இதுல போட்டா?"

"லேபிள் சரின்னு ஆயிடும். அப்ப சரக்கும் சரி. சுத்தமான மாம்பழக் கூழ். நீங்க கூட்டிட்டுப் போகலாம். வெயில் படாத இடத்துல வைங்க. பதினெட்டு மாசத்துக்குள்ள பயன்படுத்திடுங்க."

"போடலைன்னா?"

"கலப்பட சரக்கு. அஞ்சு மணிக்குக் குழி."

சாலம்மாவுக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. கூழாகக் கூட்டிக்கொண்டு போய் அவள் என்ன செய்வாள்? பதினெட்டு மாதம் ஒரு மனிதனுக்குப் போதுமா?

"எனக்குக் கடலையும் கேட்டுச்சு. அன்னைக்கே சொன்னேன். கேட்டதைக் கேக்கலைன்னு எழுத மாட்டேன். அவரைக் குழியிலயும் போட விடமாட்டேன்."

"ஃபாரத்துல ரெண்டுதாம்மா வழி இருக்கு."

"ஃபாரத்துல இருந்தா உங்களுக்கு. எனக்கு என்ன?"

அப்படிச் சொல்லிவிட்டாளே தவிர, மூன்றாவது வழி அவளுக்கும் தெரியவில்லை. சுற்றிலும் பார்த்தாள். சுவரில் ஒரு பெரிய அட்டை மாட்டியிருந்தது. 'கண்ணாடி' என்று லேபிள் ஒட்டியிருந்ததால் ஊழியர்கள் ஒவ்வொருவராக அதன் முன்னால் நின்று தலை வாரிக்கொண்டு போனார்கள். சாலம்மா போய் அதைப் படித்தாள்.

"சார், இதுல விதி எழுதியிருக்கு."

"அது கண்ணாடி. அதுல உங்க முகம்தான் தெரியும்."

அவள் உரக்கப் படித்தாள். "முழு லேபிள் இல்லாத சரக்கை விற்கவோ அழிக்கவோ கூடாது. அடங்கியவை அனைத்தையும், பெரியது முதல் சிறியது வரை, வரிசையாக எழுத வேண்டும்."

அதிகாரியின் தலை நடுவில் நின்றுவிட்டது. அறையில் புழுக்கம் ஏறியது.

"எங்க வீட்டுக்காரர்கிட்ட இருக்கறது முழு லேபிளா சார்? பேருகூட இல்ல. நான் தட்டிப் பாத்து எழுதறேன்."

"அஞ்சு மணிக்குள்ள முடிக்கணும்," என்றார் அவர்.

கிடங்கில் சாப்பிட்டவர்களை ரேக்குகளில் அடுக்கியிருந்தார்கள். ஓசூரிலிருந்து ஒரு கல்யாண வீடு முழுசாக மேல் தட்டில் உட்கார்ந்திருந்தது. மாப்பிள்ளை மாலையோடு உப்பியிருந்தான். திம்மராயன் கீழ்த் தட்டில் இருந்தான். வயிற்றைச் சுற்றி மாம்பழப் படம் போட்ட லேபிள். அதைச் சாலம்மா ஒரே இழுப்பில் கிழித்தாள். ஜெயசீலன் வெற்று லேபிள் ரோலோடு வந்து நின்றார். பேனா அவளிடமே இருந்தது.

அவன் நெஞ்சில் குச்சியால் ஒரு தட்டு தட்டினாள். காது வைத்தாள். எழுதினாள்.

கீழ்த்தெருவுக்கு இன்றைக்குத் தண்ணீர் விடவில்லையே என்ற கவலை. பிடிவாதம். மாமனார் மேல் இன்னும் போகாத பயம். பல்லியைக் கண்டால் அதைவிடக் கொஞ்சம் குறைவான பயம். பாதி மட்டும் தெரிந்த ஒரு பாட்டு. கூட்டுறவுக் கடையில் தள்ளுபடி என்று சொல்லி முழு விலைக்கு வாங்கி வந்த நீலச் சேலை பற்றிய பொய். கடலை, இரண்டு கரண்டி.

"கடலை வந்திருச்சு," என்றார் ஜெயசீலன். "முடிச்சிரலாம்ல?"

"இன்னும் தோள்பட்டைக்கே வரல சார்."

முதல் ரோல் தீர்ந்தது. இரண்டாவது தீர்ந்தது. எழுத எழுத லேபிளை அவன்மேல் சுற்றினார்கள். கடலைச் சட்னி அரைத்த நாளெல்லாம் வயிறு சரியில்லை என்று சொன்னது. அந்தச் சட்னியைக் கொல்லையில் காக்கைக்கு வைத்தது. சாலம்மா நிமிர்ந்தாள். தன் வீட்டுக் காக்கைகள் மட்டும் ஏன் அவ்வளவு கொழுத்திருந்தன என்பது அவளுக்குப் புரிந்தது. அதையும் எழுதினாள்.

ஐந்து மணி வந்து வாசலில் நின்றது. லேபிள் முடியவில்லை என்று காவலாளி அதை உள்ளே விடவில்லை. சங்கு ஊதுகிறவர் கயிற்றைப் பிடித்தபடி காத்திருந்தார்.

மேல் தட்டிலிருந்து மாப்பிள்ளை எட்டிப் பார்த்தான். "அக்கா, அடுத்தது என்னைத் தட்டுங்க. எங்கிட்டயும் நிறைய இருக்கு."

"வரிசையா வர்றேன் தம்பி."

ஒன்பதாவது ரோலில் திம்மராயனின் இடது கண் கொஞ்சம் திறந்தது. உதடு அசைந்தது.

"சாலு. குளவி இல்ல."

"என்னங்க?"

"பொண்ணு பாத்துட்டுப் போனப்ப மூணு நாள் தகவல் சொல்லாம இருந்தோமே. குளவி கொட்டிருச்சுன்னு சொன்னாங்கல்ல. குளவி இல்ல. உங்க வீட்டுக் கடலை உருண்டை."

சாலம்மாவின் கையில் குச்சி அப்படியே நின்றது. அந்த மூன்று நாளும் பெண் பிடிக்கவில்லையோ என்று அவள் வீட்டில் அடுப்பு எரியவில்லை.

"ஒத்துக்காதுன்னு தெரியுமா?"

"தெரியும். நீ தட்டை நீட்டின. எடுத்துக்கிட்டேன். மறுபடி நீட்டின. ரெண்டாவதும் எடுத்துக்கிட்டேன். பிடிச்சிருக்குன்னு ஆஸ்பத்திரிக் கட்டில்லேருந்துதான் சொல்லி அனுப்பினேன்."

"அடப்பாவி மனுசா. பதினாறு வருசமா வாயில என்ன வச்சிருந்தீங்க?"

"நீ ஆசையா அரைப்பியே."

அவளுக்கு அந்தக் குச்சியாலேயே அவனை ஒரு போடு போட வேண்டும் போல இருந்தது. அழுகையும் வந்தது. முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள்.

அதிகாரி முழங்கால் ஈரத்தோடு கிடங்குக்குள் வந்தார். "அவ்வளவுதானேம்மா? கடைசில இதைச் சேத்துட்டுக் கையெழுத்துப் போடுங்க."

"கடைசில எப்படி சார் சேக்கறது? பெரிசுதான் முதல்ல வரணும். உங்க கண்ணாடியிலயே எழுதியிருக்கு. இதுல எல்லாத்துக்கும் பெரிசு இதுதான்."

ஒன்பது ரோலையும் உருவிக் கிழித்துத் தரையில் போட்டாள். அதிகாரி வாசலைப் பார்த்தார். ஐந்து மணி கால் மாற்றி நின்றுகொண்டிருந்தது.

"முதல்லேருந்து எழுதணும். புது ரோல் பிரிங்க சார்," என்றாள் ஜெயசீலனிடம். அவர் பிரித்தார். முதல் வரியில் கடலை உருண்டை, இரண்டு, என்று எழுதினாள்.

திம்மராயனின் வலது கண்ணும் திறந்தது. "சாலு, அதைவிடப் பெரிசு இன்னொண்ணு இருக்கு," என்றான்.

"இருக்கட்டும்," என்றாள் சாலம்மா. "அதை நாளைக்குச் சொல்லுங்க."