பச்சை வட்டம்

இராசமலரின் கவசத்தில் இடது பக்கக் கொளுவி எட்டவில்லை. மூச்சை உள்ளே இழுத்துப் பிடித்தாள். கூட வேலை செய்கிற கௌசலா முதுகில் முழங்காலைக் கொடுத்து வாரை இழுத்தாள். அப்படியும் ஒரு விரல் இடைவெளி நின்றது.

முல்லைத்தீவுப் பக்கம் கண்ணிவெடி எடுக்கிற வேலை. கழுத்திலிருந்து தொடைவரை தொங்கும் அந்தக் கவசம் பூட்டுப்படாமல் ஒருவரும் வெடி கிடக்கிற எல்லையைக் காட்டும் சிவப்புத் தடிகளைத் தாண்டி உள்ளே போக முடியாது. மேற்பார்வையாளன் சிவகரன் வந்து பார்த்தான். அவளைவிட இளையவன்.

“மலரக்கா, மாத முடிவில மெடிக்கல். அதுக்கிடையில இது பூட்டுப்படாட்டி உங்களைக் குசினிக்குத்தான் போடவேணும். கோவிக்காதேங்கோ.”

“பெரிய சைஸ் ஒண்டு எடுத்துத் தாவன் தம்பி.”

“இதுதானக்கா பெரிசு.”

கௌசலா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

குசினிச் சம்பளம் பாதி. மகள் வவுனியாவில் கம்பஸ் படிக்கிறாள். புருசன் யுத்தத்தோடு போய்விட்டான். பானை தேய்க்க இராசமலருக்கு வெட்கமில்லை. ஆனால் பானை தேய்த்துப் பிள்ளையைப் படிப்பிக்க முடியாது.

உடம்பைக் குறைக்க வழி கேட்டுப் போன கிளினிக்கில் தாதி கேட்டாள், “சோத்தை விடுங்கோ, என்ன குடிக்கிறியள்?”

வெயிலில் கவசத்துக்குள் வெந்துவிட்டு வெளியே வந்தால் ஒரு சிவப்புச் சோடா. மத்தியானம் ஒன்று. பின்னேரம் வீட்டுக்குப் போகிற வழியில் ஒன்று. இராசமலர் ஒளிக்காமல் சொன்னாள்.

“போத்தலில வட்டம் போட்டிருக்கும். சிவப்பெண்டால் சீனி கூட. பச்சையெண்டால் பரவாயில்லை. தண்ணியெண்டால் எல்லாத்திலும் நல்லம்.”

கடைசி வசனம் இராசமலரின் காதில் ஏறவில்லை. சிவப்பு ஆகாது என்பது மட்டும் ஏறியது. அது அவளுக்குப் படிப்பிக்க வேண்டிய விசயமில்லை.

கலந்தர் நானாவின் கடையில் பிறிஜ்ஜைத் திறந்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு போத்தலாகத் திருப்பிப் பார்த்தாள்.

“என்ன தங்கச்சி, அதுக்குள்ளயும் வெடி கிடக்கோ?”

“பச்சை வட்டம் போட்டது எது நானா?”

நானா அடித்தட்டிலிருந்து மூன்றை எடுத்துத் துடைத்து வைத்தார். “வித்துப்போகாமக் கிடக்குது. சீனி இல்லாத சோடாவை ஆர் குடிக்கிறது?”

நாளுக்கு ஒன்றாக மூன்றையும் குடித்துப் பார்த்தாள். தேசிக்காய் வாசம் போட்டது சட்டி கழுவுகிற சவர்க்காரம் மாதிரி. மாம்பழம் போட்டது பிள்ளைகளின் காய்ச்சல் மருந்து. கறுப்புச் சோடா பரவாயில்லை, விழுங்கின பிறகு அடிநாக்கில் ஒரு கசப்பு மட்டும் நின்றது. கறுப்பையே பிடித்துக்கொண்டாள்.

இடைவேளைக் கொட்டிலில் மற்றவர்களுக்கு வெறுந்தேத்தண்ணி. சீனி போடாத தேத்தண்ணி என்றால் இனிப்புக்குக் கையில் ஒரு பனங்கட்டித் துண்டு வேண்டும். ஒரு கடி, ஒரு மிடறு. நடுவில் கௌசலா பனங்கட்டி போட்டுவரும் ஓலைக் குட்டான் திறந்தபடி இருந்தது. இராசமலரின் சோடாவும் சீனி இல்லாதது, நிறமும் தேத்தண்ணி நிறம். கை தானாகவே குட்டானுக்குப் போனது. கடித்ததும் அந்தக் கசப்பு ஓடிப்போனது.

பிறகு ஒவ்வொரு இடைவேளைக்கும் அதுதான். சோற்றைப் பாதியாக்கினாள், இரவுச் சாப்பாட்டை விட்டாள், பசியில் தலை சுற்றியது. பச்சைதானே என்று சோடாவை மட்டும் குறைக்கவில்லை. கொளுவியோ அந்த ஒரு விரலை விட்டுக்கொடுக்கவில்லை.

மெடிக்கலுக்கு முதல்நாள் கௌசலா குட்டானைக் கவிழ்த்துத் தட்டினாள். தூள்தான் கொட்டியது.

“மலரக்கா, முந்தி இது ஒரு மாதத்துக்குக் காணும். இப்ப கிழமை தாண்டுதில்லை. எலியோ நீங்களோ?”

“நான் கடிச்சது ஒரு துண்டெடி.”

“துண்டோ! ஒரு போத்தலுக்கு ஒரு கட்டி இறங்குது. பனங்கட்டிக்கு என்ன வட்டம் போட்டிருக்கினம்?”

கொட்டில் முழுக்கச் சிரித்தது. இராசமலர் குட்டானை வாங்கித் திருப்பிப் பார்த்தாள். வெறும் ஓலை. ஒரு வட்டமும் இல்லை. வாயில் கிடந்த துண்டைத் துப்புவதா விழுங்குவதா என்று தெரியாமல் கொஞ்ச நேரம் வைத்திருந்தாள். பிறகு விழுங்கினாள்.

அடுத்த நாள் கொளுவி எட்டவில்லை. சிவகரன் குசினிக் கதவின் திறப்பை எடுத்துக் கொடுத்தான்.

குசினியில் அவள்தான் எல்லோருக்கும் தேத்தண்ணி ஊற்றினாள். பனங்கட்டியை உடைத்துத் தட்டில் வைத்துவிட்டு, பாவாடைக் கரையில் கையை அழுத்தித் துடைத்தாள். அவள் குடித்தது கிணற்றுத் தண்ணீர். முதல் கிழமை அது வாய்க்குள் ஒன்றுமே இல்லாதது போலிருந்தது. நானா பச்சைப் போத்தல்களைத் திரும்ப அடித்தட்டில் போட்டார்.

கவசம் கொட்டிலில் ஆணியில் தொங்கியது. மற்றவர்கள் வரமுதல் அதை எடுத்துப் போட்டுப் பார்ப்பாள். ஒரு விரல். பிறகு நகமளவு. சம்பளம் பாதியாக வந்தது. மகளுக்கு அனுப்பிய காசும் பாதியாகப் போனது. மகள் ஏனென்று கேட்கவில்லை. அதுதான் இராசமலருக்குக் கஷ்டமாக இருந்தது.

ஒரு காலை, கேத்தலில் தண்ணீர் கொதிக்கத் தொடங்கும்போது, கொளுவி ‘டிக்’ என்றது. வெடி தேடுகிற மாதிரி முழங்காலில் இருந்தாள். நிலத்தைத் தடவினாள். எழும்பினாள். கழற்றவில்லை. கவசத்தோடே வெளியே நடந்தாள்.

“அக்கா, தேத்தண்ணி?” என்றாள் சைக்கிளை விட்டிறங்கிய கௌசலா.

“நீ போட்டுக் குடி. சிவகரன் எங்க?”