குண்டு போடுபவளின் கணவன்

என் மனைவி ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள். நாள் முழுக்க யாரையாவது பார்த்து, "மூச்ச இழுங்க, பிடிங்க, அசையாதீங்க" என்று சொல்வதுதான் அவள் வேலை. அதைச் சொல்லும்போது அவளுக்கென்று ஒரு தனிக் குரல் வரும். கையை உடைத்துக்கொண்டு அலறியபடி வருகிறவனும் அந்தக் குரலுக்குக் கட்டுப்பட்டு நிற்பான். வீட்டில் எனக்கு அது கிடைப்பதில்லை. வீட்டில் கிடைப்பது, "குப்பைய வெளியே வச்சீங்களா இல்லையா?" என்கிற குரல்.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் மட்டும் எனக்கு அது கிடைத்துக்கொண்டிருந்தது. அன்று நாங்கள் இருவரும் கம்ப்யூட்டரில் போர் விமானம் ஓட்டும் விளையாட்டில் உட்காருவோம். ஹாலில் என்னுடையது, படுக்கையறையில் அவளுடையது. இரண்டு என்ஜின் வைத்த பழைய காலத்துக் குண்டுவீச்சு விமானம். நான் ஓட்டுவேன். அவள் விமானத்தின் மூக்கில் குப்புறப் படுத்து, குறிபார்க்கும் கண்ணாடி வழியாகத் தரையைப் பார்த்து, எதிரியின் விமானத்தளத்தில் குண்டு போடுவாள். ஓட்டுகிறவனுக்கு நேர் கீழே இருப்பது தெரியாது. எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று அவள்தான் சொல்ல வேண்டும். "கொஞ்சம் இடது. இன்னும் கொஞ்சம். போதும். அப்படியே, அசையாம." சுவருக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு தடவையும், நெட்டில் ஊரெல்லாம் சுற்றிவிட்டு ஹெட்போனில் ஒரு தடவையுமாக அந்தக் குரல் எனக்கு இரட்டையாக வரும். வாரம் முழுக்க லிஃப்ட் குழிகளில் இறங்கி, மேலே நின்று "இன்னிக்காவது ஓடுமா?" என்று கத்துகிறவர்களுக்குப் பதில் சொல்லிச் சலித்துப்போன எனக்கு வேறென்ன வேண்டும்?

அந்த இடத்தைத்தான் சாமியார் தட்டிப் பறித்தார்.

சாமியார் என்பது எங்கள் அணி வைத்த பட்டப்பெயர். ஆள் பஸ் டிரைவர். முகத்தை யாரும் பார்த்ததில்லை, குரலையே அபூர்வமாகத்தான் கேட்டிருக்கிறோம். எங்கள் அணியில் ஒரு கட்டுப்பாடு உண்டு. குண்டு போடுகிறவர் வாயைத் திறந்துவிட்டால், குண்டு விழும்வரை மற்றவர்கள் வாயை மூடிக்கொள்ள வேண்டும். சாமியார் அதை எல்லா நேரத்துக்கும் என்று எடுத்துக்கொண்டவர். நான் எந்த நேரத்துக்கும் இல்லை என்று எடுத்துக்கொண்டவன். ஒத்துக்கொள்கிறேன்.

ஒரு ஞாயிறு நடந்தது இதுதான். எதிரியின் தளம் நெருங்கிக்கொண்டிருந்தது. "ரெண்டு டிகிரி இடது" என்றாள். நான் திருப்பினேன். "இன்னும் இடது" என்றாள்.

"இடதுதாம்மா போய்க்கிட்டிருக்கேன்."

"பத்தாது. இன்னும்."

"இதுக்கு மேல போனா ஏரி வரும். நீ மேப்ப சரியாப் பாரு."

"நான் தரையையே பாத்துக்கிட்டிருக்கேன். மேப்பு எதுக்கு?"

இதை முடிப்பதற்குள் விமானம் தளத்தைத் தாண்டிவிட்டது, அதற்குப் பிறகுதான் குண்டு விழுந்தது. ஏரியில்தான் விழுந்தது. அணியில் இருந்த அத்தனை பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அன்றிலிருந்து எங்களுக்கு 'மீன்பிடிக் கம்பெனி' என்று பெயர். நானும் சேர்ந்து சிரித்தேன். படுக்கையறையிலிருந்து சிரிப்புச் சத்தம் வரவில்லை. அதை நான் கவனித்திருக்க வேண்டும்.

அணித்தலைவர் ஒரு மருந்துக்கடைக்காரர். எல்லோருக்கும் அண்ணன். அடுத்த சண்டை கடைசிச் சண்டை, எதிரியின் பெரிய தளத்தை உடைத்தால்தான் இந்த முறை ஜெயிப்பு என்று சொல்லி, யார் யாரோடு போக வேண்டும் என்று வரிசையாக வாசித்தார். எக்ஸ்ரே, சாமியார் விமானத்தில். லிஃப்ட், ஒற்றை ஆள் ஓட்டும் சின்ன விமானத்தில். முன்னால் போய் பீரங்கிகளை அடிக்க வேண்டும். லிஃப்ட் என்றால் நான்.

"அண்ணே, நாங்க புருஷன் பொண்டாட்டிண்ணே. ஒரே விமானத்துலதானே போவோம்?" என்றேன்.

"தங்கச்சியேதான் மாத்திக் கேட்டாங்க, தம்பி," என்றார் அவர். பாவம், அவருக்கே சொல்லச் சங்கடமாக இருந்தது.

என் முகத்தில் ஈயாடவில்லை. ஹெட்போனைக் கழற்றிவிட்டு நேரே படுக்கையறைக்குப் போனேன். அவள் துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

"என்ன, என்னய விட்டுட்டு வேற ஆளாப் பாத்துட்டியாமே?"

"விளையாட்டுக்குத்தானே?" என்றாள், என் சட்டையையே மடித்தபடி.

"விளையாட்டுன்னா? அந்த ஆளுக்கு என்ன ரெண்டு கொம்பா முளைச்சிருக்கு?"

"நான் சொன்னா கேக்கறாரு. நீங்க கேக்கறதே இல்ல. ஆஸ்பத்திரில முன்னப்பின்ன தெரியாதவங்க எல்லாம் கேக்கறாங்க. உங்களுக்கு மட்டும் நான் என்ன சொன்னாலும் அதுக்கு மேல ஒண்ணு சொல்லணும்."

"நான் எப்பச் சொன்னேன்?" என்றேன். அவள் அடுத்த சட்டையை எடுத்தாள்.

அந்த வாரம் முழுக்க வேலை முடிந்து வந்ததும் அவளும் சாமியாரும் ஒத்திகை பார்த்தார்கள். அவள் படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். என்னோடு பறந்த காலத்தில் அந்தக் கதவு திறந்தேதான் கிடக்கும். ஹாலில் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சுவர் வழியாக அந்தக் குரல் வந்தது. "போதும். அப்படியே." அந்தப் பக்கம் அந்த மனுஷன், "சரிங்க" என்றிருப்பான். பெரிய மனுஷனுக்குக் கொடுக்க வேண்டிய மரியாதையெல்லாம் என் மனதுக்குள் அந்த வாரத்தோடு போய்விட்டது, அவர் அவனாகிவிட்டார். எனக்கு வயிறு எரிந்தது. பொறாமைதான், வேறு பெயர் எதற்கு?

ஒரு நாள் அவள் சிரிக்கும் சத்தம் கேட்டது. சாதாரணச் சிரிப்பில்லை, மூச்சு வாங்கிச் சிரிக்கிற சிரிப்பு. எழுந்துபோய்க் கதவில் காதை வைத்தேன். என் வீட்டில், என் மனைவி பேசுவதை, திருடன் மாதிரி ஒட்டுக் கேட்டேன். ஒன்றும் விளங்கவில்லை. வெளியே வந்ததும் கேட்டேன்.

"என்ன சிரிப்பு?"

"அவர் பஸ்ல ஒருத்தர் டபுள் மெத்தையோட ஏறப் பாத்தாராம். அதுக்கும் டிக்கெட் எடுக்கச் சொன்னா, 'அது தூங்கிக்கிட்டு வருது, அரை டிக்கெட்தான்'னு சண்டையாம்." சொல்லும்போதே மறுபடி சிரித்தாள்.

எங்கள் யாரிடமும் வாயைத் திறக்காத சாமியார் இவளிடம் மெத்தைக் கதை சொல்கிறான்! நான் இவளுக்கு எத்தனை லிஃப்ட் கதைகள் சொல்லியிருப்பேன், ஒன்றுக்காவது இப்படிச் சிரித்திருப்பாளா? அன்று சாப்பாடு எனக்கு இறங்கவில்லை.

கடைசிச் சண்டை நாள் வந்தது. நான் முதலில் கிளம்பினேன். சின்ன விமானம், இறக்கைக்கு ஒன்றாக இரண்டு குண்டு. தளத்தின் ஓரத்தில் இருக்கும் பீரங்கிகளை நான் அடித்துவிட்டால், உயரத்தில் பின்னால் வரும் சாமியாரின் விமானம் நிம்மதியாக ஓடுபாதையை உடைக்கலாம். அதாவது, அவன் பேர் வாங்குவதற்கு நான் வழியைக் கூட்டிப் பெருக்கி வைக்க வேண்டும்.

தளம் கண்ணுக்குத் தெரிந்தது. நீளமான வெள்ளை ஓடுபாதை, பக்கத்தில் பெட்ரோல் தொட்டிகள், ஓரத்தில் பீரங்கிகள். ஹெட்போனில் அவள் குரல் வந்தது, என்னிடமில்லை. "நல்லா வர்றீங்க. இப்படியே வாங்க." என்னை ஒருநாளாவது நல்லா வர்றீங்க என்று சொல்லியிருக்கிறாளா? பீரங்கியாவது ஒன்றாவது என்று ஆகிவிட்டது எனக்கு. ஓடுபாதையை நானே உடைத்துவிட்டால் இவர்கள் இரண்டு பேரும் வந்து எதை உடைப்பார்கள்? தரையை உரசுகிற மாதிரி இறங்கி, ஓடுபாதையின் மேல் இரண்டு குண்டையும் விட்டேன்.

இது புதிதாக விளையாட வருகிறவர்கள் செய்யும் தப்பு. அவ்வளவு தாழ்வாகப் போய்க் கான்கிரீட்டில் குண்டு போட்டால், குளத்தில் வீசிய ஓட்டுச் சில்லு மாதிரி எகிறிவிடும். இரண்டும் எகிறின. ஒன்று எங்கோ போனது. இன்னொன்று நேரே பெட்ரோல் தொட்டிக்குப் போனது. தொட்டி வெடித்து, கறுப்புப் புகை காற்றோடு சாய்ந்து ஓடுபாதை முழுவதையும் மூடிவிட்டது. நான் அடிக்காமல் விட்ட பீரங்கிகள் என்னை அடித்தன. என்ஜின் நின்றது. எப்படியோ சமாளித்துத் திருப்பி, அதே ஓடுபாதையின் முனையில், சக்கரம் இறங்காமல் வயிற்றால் தேய்த்துக்கொண்டு போய் நின்றேன்.

"யாருப்பா அது புகை போட்டது?" என்றார் மருந்துக்கடை அண்ணன். யாரும் பேசவில்லை. நானும்தான்.

"அண்ணே, எனக்கு ஒண்ணுமே தெரியல. கீழ எல்லாம் கறுப்பா இருக்கு," என்றாள் அவள்.

"சுத்திட்டு மறுபடி வர முடியுமா?"

"முடியாதுங்க. இடது என்ஜின்ல அடி," என்றான் சாமியார்.

அவ்வளவுதான், வெறுங்கையோடு திரும்பப் போகிறார்கள் என்று நினைத்தேன். சந்தோஷமாக இருந்தது. உண்மையைச் சொன்னால், விசில் அடிக்க வேண்டும் போல இருந்தது.

"என்னங்க," என்றாள்.

அந்த அணியில் அத்தனை பேர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் 'என்னங்க' என்று கூப்பிடுகிற ஆள் ஒருத்தன்தான்.

"என்ன?"

"எங்க இறங்கியிருக்கீங்க?"

"ஓடுபாதை மேலதான். தெற்கு முனையில."

"நடுக்கோட்டு மேலயா?"

"கிட்டத்தட்ட."

"உங்க நீலப் புள்ளி எனக்குத் தெரியுது," என்றாள். நம் ஆள் எங்கிருந்தாலும் நமக்கு மட்டும் ஒரு நீலப் புள்ளி தெரியும், புகை அதை மறைக்காது. "பாதை அங்கருந்து நேர் வடக்குதானே? அப்ப உங்கள வச்சே குறி பாக்கறேன். விமானத்த விட்டு எந்திரிச்சுப் போயிடாதீங்க. போனா புள்ளி அழிஞ்சிடும்."

எழுந்து ஓடினால் நான் பிழைப்பேன். உட்கார்ந்திருந்தால் முதல் குண்டு என் தலையில்தான். எங்கள் விளையாட்டில் செத்தவனுக்கு அதுவரை சேர்த்த பதவி, பதக்கம் எல்லாம் போய்விடும், புது ஆளாக அடியிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். நான் கேப்டனாக ஆனதற்கு எத்தனை ஞாயிறுகள் போயிருக்கின்றன என்று அவளுக்கும் தெரியும். என் விரல் வெளியேறும் பட்டன் மேல் இருந்தது. ஒரே அழுத்து. நான் தப்பிப்பேன், சாமியாருக்கு மூக்கு உடையும். இதைவிட வசதியாக ஒரு பழிவாங்கல் யாருக்காவது அமையுமா?

"அப்ப என் தலையிலயே போடப் போற?" என்றேன்.

"ஆமா," என்றாள். பிறகு அந்தக் குரலில், "பேசாம இருங்க. கொஞ்ச நேரந்தான். அப்படியே இருங்க," என்றாள்.

சுவர் வழியாக ஒரு தடவை, காதில் ஒரு தடவை. ஒரு வாரமாக அந்தக் குரலுக்கு நான் எப்படி ஏங்கிக் கிடந்தேன் என்று அப்போதுதான் தெரிந்தது. விரலை எடுத்துவிட்டேன். வாயில் நாலைந்து பதில்கள் வந்து நின்றன, அத்தனையையும் விழுங்கினேன். புகைக்கு மேலே எங்கேயோ என்ஜின் சத்தம் வந்தது. அவள் அவனுக்கு இடது சொன்னாள், வலது சொன்னாள், எனக்கு ஒன்றும் சொல்லவில்லை. நான் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். பிறகு ஒரு சீழ்க்கைச் சத்தம், ஒரு வெளிச்சம், அப்புறம் என் திரை கறுப்பாகிவிட்டது.

அணியில் ஒரே கூச்சல். தென்முனையிலிருந்து வடமுனை வரை வரிசையாக விழுந்திருந்ததாம், ஓடுபாதையில் ஒரு சைக்கிள்கூட ஓட்ட முடியாதாம். கதவு திறந்தது. அவள் முகமெல்லாம் சிரிப்பாக வந்து என் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றாள். என் தோளில் கை வைத்தாள்.

"நீங்க பேசாம இருந்தீங்க," என்றாள், நம்பமுடியாத மாதிரி.

"சொன்னியே."

"எப்பவுந்தான் சொல்றேன்." கறுத்துக் கிடந்த என் திரையைப் பார்த்தாள். "அந்தப் புகை நீங்க போட்டதுதானே?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "யார் சொன்னா?"

"அவர்தான். மேல இருந்து பாத்துட்டாராம். விமானத்துக்குள்ள பேசற தனி லைன்ல என்கிட்ட மட்டும் சொன்னாரு. மத்தவங்களுக்குச் சொல்ல வேணாம், சார் வருத்தப்படுவாருன்னு சொன்னாரு."

என்ஜினில் அடிபட்டு, என்னால் கெட்டுப்போன சண்டையின் நடுவே, என் மானத்தைக் காப்பாற்றி வைத்திருக்கிறான் அந்த மனுஷன். நல்லவனாகவும் இருந்து தொலைத்தால் நான் அவனை எப்படித்தான் திட்டுவது? அவள் கை இன்னும் என் தோளில்தான் இருந்தது. அந்தத் தைரியத்தில் கேட்டேன்.

"இனிமே குறுக்க பேச மாட்டேன். அடுத்த வாரம் யாரோட போற?"

"அவரோடதான்," என்றாள். யோசிக்கக்கூட இல்லை.